விளையாட்டு கைவிட்டுப் போன பிறகும் பொது ஒளிபரப்புக்கு ஏன் பணம் கட்ட வேண்டும்?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: "நான் தொலைக்காட்சியில் பார்ப்பது விளையாட்டு மட்டுமே. பெரிய போட்டிகள் எல்லாம் கட்டணச் சேனல்களுக்கும் இணையத் தளங்களுக்கும் போய்விட்டன. அங்கே தனியாகச் சந்தா கட்டுகிறேன். அதற்கு மேல் உரிமக் கட்டணம் என்றோ வரி என்றோ பொதுத்துறை ஒளிபரப்புக்கும் ஏன் கொடுக்க வேண்டும்? அதனால் எனக்கு என்ன பயன்?"

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். விளையாட்டு ஒன்றை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் நியாயம் உங்கள் பக்கம்தான். கொடுத்த காசுக்கு எத்தனை ஆட்டம் கிடைத்தது என்று எண்ண ஆரம்பித்தால், உலகின் எந்தப் பொதுத்துறை ஒளிபரப்பு நிறுவனமும் ஒரு நல்ல விளையாட்டுச் சேனலிடம் தோற்றுப்போகும். ஆனால் அந்தக் கட்டணத்தை யாரும் ஆட்டத்துக்கான டிக்கெட்டாக வகுக்கவில்லை. அது எப்படி வந்தது என்று பார்த்தால், விளையாட்டு ஏன் கைவிட்டுப் போனது என்பதும் சேர்ந்தே விளங்கும்.

பிரிட்டனில் 1922இல் வானொலிப் பெட்டி வைத்திருப்பதற்கு ஆண்டுக்கு 10 ஷில்லிங் கட்டணம் விதித்தார்கள். காரணம் எளிது. வானொலி அலை வீடு பார்த்து வருவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் கேட்பதால் உங்களுக்குக் கிடைப்பது குறைவதில்லை. பணம் கட்டாதவரை மட்டும் கேட்கவிடாமல் செய்யவும் அன்றைக்கு வழியில்லை. தெருவிளக்கு வெளிச்சம் மாதிரி. மின்சாரத்துக்கு வைப்பதுபோல இதற்கு மீட்டர் வைக்க முடியாது. ஆகவே வசூலுக்கு இரண்டே வழிகள் இருந்தன. பெட்டி வைத்திருக்கும் எல்லோரிடமும் ஒரு தொகை வாங்குவது ஒன்று. நேயரின் கவனத்தை விளம்பரதாரரிடம் விற்பது மற்றொன்று. பிரிட்டன் முதல் வழியில் போனது, அமெரிக்கா இரண்டாவது வழியில் போனது.

மூன்றாவது வழி பல பத்தாண்டுகள் கழித்துத்தான் திறந்தது. சமிக்ஞையைப் பூட்டி அனுப்பி, சந்தா கட்டியவரின் பெட்டியில் மட்டும் அதைத் திறந்துகாட்டும் தொழில்நுட்பம் வந்தது. பூட்டு கிடைத்ததும் வியாபாரிகள் தேடியது, பூட்டி வைப்பதற்குத் தகுந்த சரக்கை. நாடகத்தை நாளைக்குப் பார்க்கலாம், செய்தியை வேறு பத்து இடங்களில் தெரிந்துகொள்ளலாம். முடிவு தெரிந்துபோன ஆட்டத்துக்கு மட்டும் மறுநாள் மதிப்பில்லை. அதற்கு மாற்றும் இல்லை: உங்கள் அணியின் இறுதிப் போட்டிக்குப் பதிலாக வேறோர் அணியின் போட்டியைக் காட்டினால் ஒப்புக்கொள்வீர்களா? விற்பவரும் ஒருவர்தான், அந்த விளையாட்டின் சங்கம் அல்லது லீக். பூட்டுக்கென்றே செய்ததுபோன்ற பண்டம்.

அதுவரை நிலைமை தலைகீழாக இருந்தது. பல நாடுகளில் ஒளிபரப்பு நிறுவனம் ஒன்று அல்லது இரண்டு. வாங்குபவர் ஒருவரே என்றால் விலை என்ன ஆகும்? அற்பத் தொகைக்கு விளையாட்டு கிடைத்தது. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நினைவுகூர்பவர்கள் இதைச் சொல்வதில்லை. 1966 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டியை பிரிட்டனில் 3 கோடியே 23 லட்சம் பேர் பார்த்ததாகக் கணக்கு. உண்மையிலேயே மகத்தான எண்ணிக்கை. ஆனால் அந்த இலவசத்தின் ஒரு பகுதியை, குறைந்த கூலிக்கு ஆடிய ஆட்டக்காரர்கள்தான் சுமந்தார்கள்.

இந்த ஏற்பாடு உடைந்த விதத்தைக் கிரிக்கெட் ரசிகர்கள் அறிவார்கள். ஆஸ்திரேலியாவில் கெர்ரி பேக்கர் தன் சேனலுக்காக டெஸ்ட் ஆட்டங்களின் உரிமையைக் கேட்டு மூன்று ஆண்டுகளுக்கு 15 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார். கிரிக்கெட் வாரியமோ அதைவிட எவ்வளவோ குறைந்த தொகைக்கு, பழைய உறவின் பேரில், பொதுத்துறை நிறுவனமான ஏபிசியிடமே உரிமையைக் கொடுத்தது. பேக்கர் 1977இல் ஆட்டக்காரர்களையே விலைக்கு வாங்கித் தனியாக ஒரு கிரிக்கெட்டை நடத்திக் காட்டினார். மின்விளக்கில் இரவு ஆட்டம், வண்ண உடை, வெள்ளைப் பந்து எல்லாம் அங்கிருந்துதான் புறப்பட்டு ஊர் ஊராகப் பரவின. ஆட்டக்காரர்களின் சம்பளமும் அதன் பிறகுதான் நிமிர்ந்தது. பொது ஒளிபரப்பை ஆதரிக்கும் நான் இந்தக் கதையை மறைக்க விரும்பவில்லை.

இந்தியாவில் இதே மோதல் நீதிமன்றத்துக்குப் போனது. தொண்ணூறுகளின் தொடக்கம்வரை தூர்தர்ஷன்தான் ஒரே வாசல். ஆட்டத்தை ஒளிபரப்ப கிரிக்கெட் வாரியமே அதற்குப் பணம் தரவேண்டிய விசித்திரமும் இருந்தது. 1993இல் ஹீரோ கோப்பைப் போட்டியின் உரிமையை வங்காளக் கிரிக்கெட் சங்கம் ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்க, அரசுத் தரப்பு தடுக்க, வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1995 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, அலைவரிசை பொதுச் சொத்து என்றது. தனியார் சேனல்களுக்குக் கதவைத் திறந்த தீர்ப்பாகத்தான் பலரும் இதை நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன் மறுபக்கத்தைப் படிப்பவர் குறைவு: பொதுச் சொத்து என்பதால் அரசின் ஏகபோகம் கூடாது என்ற அதே வாதம், தனியாரின் ஏகபோகமும் கூடாது என்கிறது.

இனி இழப்பின் பக்கம். 2005இல் இங்கிலாந்தில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நடந்த ஆஷஸ் டெஸ்ட் தொடரை சேனல் 4 இலவசமாக ஒளிபரப்பியது. டிரென்ட் பிரிட்ஜ் டெஸ்டின் உச்சக்கட்டத்தில் 84 லட்சம் பேர் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு முதல் இங்கிலாந்து மண்ணில் நடக்கும் டெஸ்ட் ஆட்டங்களின் நேரலை முழுவதும் ஸ்கை நிறுவனத்தின் கட்டணச் சேனலுக்குப் போனது. 2009இல் மீண்டும் ஆஷஸை இங்கிலாந்து வென்றபோது நேரலையில் பார்த்தவர்களின் உச்ச எண்ணிக்கை 20 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. அதே ஆட்டம், அதே எதிரி, அதே வெற்றி.

ஸ்கை மோசமாக ஒளிபரப்பியது என்று யாரும் சொல்ல முடியாது. கேமராக்கள் கூடின, அலசல் மேம்பட்டது, வாரியத்துக்கு வந்த பணம் கவுன்டி அணிகளைத் தாங்கிப் பிடித்தது. சந்தா கட்டிய ரசிகருக்கு எந்தக் குறையும் இல்லை. காணாமல் போனது வேறொரு கூட்டம். கிரிக்கெட்டைத் தேடி வராதவர்கள். சும்மா சேனலை மாற்றிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டு, அரை மணி நேரம் உட்கார்ந்து, பிறகு எழுந்திருக்க மனம் வராமல் போனவர்கள். பாட்டியின் மடியில் இருந்தபடி பார்த்த ஏழு வயதுக் குழந்தைகள். சந்தாவுக்கு அவர்களைத் தெரியாது, ஏனென்றால் எது தனக்குப் பிடிக்கும் என்று முன்கூட்டியே தெரிந்தவர் மட்டும்தான் சந்தா கட்டுவார்.

என் பதிலின் மையம் இதுதான். ஏற்கனவே ரசிகரான ஒருவருக்குக் கட்டணச் சேனல் நன்றாகவே சேவை செய்யும். ரசிகரை உருவாக்குவது இலவசத் திரை. உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: நீங்கள் முதன்முதலில் பார்த்த ஆட்டத்துக்கு உங்கள் வீட்டில் யாராவது தனியாகப் பணம் கட்டியிருந்தார்களா? இங்கிலாந்துக் கிரிக்கெட் வாரியமே இதைத் தாமதமாக உணர்ந்தது. 2019 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இங்கிலாந்து நுழைந்ததும், ஸ்கை அந்த ஒளிபரப்பை சேனல் 4 உடன் பகிர்ந்துகொண்டது. பல ஆண்டுகளாகக் கிரிக்கெட்டைக் காணாத வீடுகள் அன்று ஒரு சூப்பர் ஓவரைப் பார்த்தன. அதற்கடுத்த ஒப்பந்தத்தில், 2020 முதல் சில ஆட்டங்கள் பிபிசிக்குத் திரும்பி வரும்படி வாரியம் பார்த்துக்கொண்டது.

உருவாக்குவது என்ற சொல்லை மிகைக்காக எழுதவில்லை. மேசைமேல் பல வண்ணப் பந்துகளைக் கோலால் தள்ளி ஆடும் ஸ்னூக்கரை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பு வெள்ளைத் திரையில் அதைப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. எந்தப் பந்து எது என்று தெரியாது. வண்ண ஒளிபரப்பைக் காட்டிக்கொள்ள ஏற்ற நிகழ்ச்சி வேண்டும் என்பதற்காக பிபிசி 1969இல் அதைத் திரைக்குக் கொண்டுவர, கிளப்புகளின் பின்னறையில் கிடந்த ஆட்டம் வீட்டுக்கூடத்துக்கு வந்துவிட்டது. அண்மைக் காலத்தில் பெண்கள் கால்பந்தும் இப்படித்தான். எந்தக் கட்டணச் சேனலும் பெரிய தொகை கொடுக்கத் தயாராக இல்லாத காலத்திலேயே பொதுத் திரையில் அதற்கு இடம் கிடைத்தது. 2022 ஐரோப்பியக் கோப்பை இறுதிப் போட்டியை பிபிசியின் தொலைக்காட்சியில் ஒரு கட்டத்தில் 1 கோடியே 74 லட்சம் பேர் பார்த்தார்கள். இனி அதற்கும் விலை ஏறும், பூட்டுக்காரர்கள் வருவார்கள். விதைத்தவருக்கு அறுவடை கிடைக்காது என்பது இந்தத் தொழிலில் பழகிப்போன விஷயம்.

இழப்பைத் தடுக்கச் சட்டங்கள் உண்டு. பிரிட்டனில் 1996 ஒளிபரப்புச் சட்டத்தின் கீழ் ஒரு பட்டியல் இருக்கிறது: ஒலிம்பிக், உலகக் கோப்பைக் கால்பந்து, எஃப்ஏ கோப்பை இறுதி, விம்பிள்டன் இறுதி ஆட்டங்கள் போன்றவற்றின் நேரலை உரிமையை, பெரும்பான்மையோர் இலவசமாகப் பெறும் சேனல்களுக்கு நியாயமான விலையில் முன்வைக்க வேண்டும். 1998இல் உள்நாட்டு டெஸ்ட் கிரிக்கெட்டை முதல் பிரிவிலிருந்து கீழ்ப் பிரிவுக்கு இறக்கினார்கள்; கீழ்ப் பிரிவுக்குச் சிறப்புக் காட்சிகளைத் தந்தாலே போதும். மேலே சொன்ன 84 லட்சத்தின் கதை அந்த இறக்கத்தில்தான் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவிலும் 1992 முதல் இதுபோன்ற சட்டம் உண்டு; 2024இல் இணைய ஒளிபரப்பையும் அதற்குள் கொண்டுவந்தார்கள்.

இந்தியச் சட்டம் வேறு மாதிரி. 2007 தொடக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுடனான தொடரை ஒட்டி உரிமைதாரருக்கும் தூர்தர்ஷனுக்கும் தகராறு வந்தது. உடனே அவசரச் சட்டம், அதைத் தொடர்ந்து நாடாளுமன்றச் சட்டம். தேசிய முக்கியத்துவம் உள்ளதாக அறிவிக்கப்பட்ட போட்டிகளின் நேரலைச் சமிக்ஞையை, தன் விளம்பரம் இல்லாமல், உரிமைதாரர், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதிக்குத் தர வேண்டும். விளம்பர வருவாயில் 75 பங்கு உரிமைதாரருக்கு, 25 பங்கு பிரசார் பாரதிக்கு. நேயருக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2017இல் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது: இப்படிப் பெறும் சமிக்ஞையைத் தூர்தர்ஷனின் தரைவழி ஒளிபரப்பிலும் சந்தா இல்லாத அதன் ஃப்ரீ டிஷ் செயற்கைக்கோள் சேவையிலும் மட்டுமே காட்டலாம், கேபிள் வழியாகக் கூடாது. கேபிள் வைத்திருப்பவர் தூர்தர்ஷனைத் திறந்து, எல்லோரும் பார்க்கும் ஆட்டம் தனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று விழிப்பதற்குக் காரணம் இதுவே. வசதி குறைந்தவர்களுக்கான ஏற்பாடு என்று இதை நியாயப்படுத்தலாம். "பொதுச் சொத்து" என்று 1995இல் சொன்னது இவ்வளவு குறுகியதா என்றும் கேட்கலாம். நான் இரண்டாவது கட்சி.

சட்டம் இருந்தும் சாரம் வடிந்துபோவதற்கு ஒலிம்பிக் நல்ல உதாரணம். 2012 லண்டன் போட்டியின்போது பிபிசி 24 நேரலைகளை ஒரே சமயத்தில் வழங்கியது. வில்வித்தை வேண்டுமா, நாள் முழுக்க வில்வித்தை பார்க்கலாம். அதன் பிறகு ஐரோப்பிய உரிமையை டிஸ்கவரி நிறுவனம் 130 கோடி யூரோவுக்கு வாங்கியது. பிபிசி அதனிடமிருந்து ஒரு பகுதியைப் பெற்றது. டோக்கியோவிலும் பாரிஸிலும் ஒரே நேரத்தில் இரண்டு நேரலைகளுக்குத்தான் அனுமதி. ஒலிம்பிக் இலவசத் திரையில் வந்தது, சட்டம் திருப்தியடைந்தது. 24 என்பது 2 ஆனது. ஜப்பானிலோ 2026 உலக பேஸ்பால் போட்டியின் உரிமை நெட்ஃபிளிக்ஸுக்கே முழுவதுமாகப் போனது. பேஸ்பாலை உயிராக நினைக்கும் நாட்டில், தொலைக்காட்சிப் பெட்டியைத் திறந்தால் நேரலை இல்லை.

பிறகு பொதுத்துறை நிறுவனம் ஏலத்தில் துணிந்து இறங்கலாமே என்று கேட்பீர்கள். கூடாது. 2023 முதல் 2027 வரையிலான ஐபிஎல் உரிமைகள் மொத்தம் 48,390 கோடி ரூபாய்க்கு விற்றன. எந்தப் பொது நிதியைக்கொண்டும் அந்த மேசையில் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் செய்திப் பிரிவையும் குழந்தைகள் நிகழ்ச்சியையும் விற்றுத்தான் எழுந்திருக்க வேண்டும். லீக் ஆட்டங்களைச் சந்தாக்காரர்களுக்கு விட்டுவிடலாம். நாடே ஒன்றாகப் பார்க்கும் சில இறுதிப் போட்டிகள், அன்றைய ஆட்டங்களின் சிறப்புக் காட்சிகள், சந்தை இன்னும் விலை போடாத விளையாட்டுகள் ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டால் போதும். இவற்றில் முதலாவதை ஏலத்தில் பிடிக்க முடியாது, சட்டத்தால்தான் பிடிக்க முடியும். மாற்றுத்திறனாளிகளுக்கான ஒலிம்பிக்கை 2012 முதல் சேனல் 4 ஒளிபரப்பிக் காட்டிய விதம் மூன்றாவதற்குச் சான்று. அந்தச் சேனல் அரசுக்குச் சொந்தமானது, ஆனால் விளம்பரத்தில் ஓடுகிறது என்பது கவனிக்க வேண்டிய ஒன்று.

இது நம்மை நிதிக்குக் கொண்டுவருகிறது. பொது ஒளிபரப்பு என்றாலே உரிமக் கட்டணம் என்பதில்லை. ஜெர்மனியில் 2013 முதல் பெட்டி இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் வீட்டுக்கு வீடு வசூல், மாதம் 18.36 யூரோ. பின்லாந்தில் வருமானத்துக்கேற்ப, உச்சவரம்போடு தனி வரி. பிரான்ஸ் 2022இல் 138 யூரோ கட்டணத்தை ஒழித்துவிட்டு வேறு வரியிலிருந்து பங்கு ஒதுக்குகிறது. ஆஸ்திரேலியா 1974இலேயே கட்டணத்தைக் கைவிட்டு பட்ஜெட்டுக்கு மாறியது. ஜப்பானில் பெட்டி வைத்திருப்பவர் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே உடன் ஒப்பந்தம் செய்வது சட்டக் கடமை. 2017இல் அங்கே உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. இந்தியாவில் எண்பதுகளில் கட்டணம் போய்விட்டது. பிரசார் பாரதி அரசு நிதியிலும் விளம்பரத்திலும் ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்களுக்கு இடத்தை ஏலம் விடுவதிலும் பிழைக்கிறது.

இதில் எது மலிவு என்பதல்ல நான் பார்ப்பது. காசைக் கொடுப்பவர் ஒரு நாள் கோபத்தில் கையை மூடிக்கொள்ள முடியுமா என்று பார்க்கிறேன். அமெரிக்காவில் 2025 ஜூலையில், ஏற்கனவே ஒதுக்கிய 110 கோடி டாலரை நாடாளுமன்றம் திரும்பப் பெற்றது. 1967 சட்டத்தால் பிறந்த பொது ஒளிபரப்பு நிதி நிறுவனம் அடுத்த மாதமே கடையைக் கட்டப்போவதாக அறிவித்தது. ஜெர்மனியில் 2020 டிசம்பரில் ஒரே ஒரு மாநிலம், 86 சென்ட் உயர்வைத் தடுத்துப் பார்த்தது. அரசியல் சாசன நீதிமன்றம் அடுத்த கோடையில் அந்த உயர்வை அமலாக்கிவிட்டது. தொகையைப் பரிந்துரைப்பது தனிக் குழு, கட்சிகள் அதை இஷ்டப்படி நிராகரிக்க முடியாது என்ற அமைப்பு அங்கே வேலை செய்தது. இப்படி ஒரு காப்பு இல்லாத இடத்தில், கட்டணமோ வரியோ, பொது ஒளிபரப்பு என்ற பெயரில் அரசு ஒளிபரப்பைத்தான் பெறுவீர்கள். அதற்குப் பணம் கட்டத் தயங்குபவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

"எனக்கு என்ன பயன்" என்பதற்கு யாரும் உங்களுக்காகப் பதில் சொல்ல முடியாது. ஆனால் சோதித்துப் பார்த்தவர்கள் உண்டு. 2015இல் பிரிட்டனில் 70 குடும்பங்களிடம் ஒன்பது நாள் பிபிசியே இல்லாமல் இருக்கச் சொன்னார்கள். அந்த ஒன்பது நாளுக்கான கட்டணம் 3 பவுண்டு 60 பென்ஸையும் கையில் கொடுத்தார்கள். கட்டணமே வேண்டாம் அல்லது குறைக்க வேண்டும் என்று முன்பு சொன்ன 48 குடும்பங்களில் 33 கடைசியில் மனம் மாறின. ஆய்வைச் செய்யச் சொன்னது பிபிசிதான், அதனால் ஒரு சிட்டிகை சந்தேகத்தோடு படிக்கலாம். எனக்கு அந்த 33ஐ விட முக்கியமாகப் படுவது, தாங்கள் எவ்வளவு பயன்படுத்துகிறோம் என்பதை மக்கள் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள் என்பது. காரில் ஓடிய வானொலி, சமையலறையில் காதில் விழுந்த செய்தி, குழந்தையின் காலை நிகழ்ச்சி எதுவும் அவர்கள் கணக்கில் வரவில்லை. சுவிட்சர்லாந்தில் 2018 மார்ச்சில் கட்டணத்தையே ஒழிக்கலாமா என்று வாக்கெடுப்பு வைத்தபோது 71.6 சதவீதம் பேர் ஒழிக்க வேண்டாம் என்றார்கள். நாலு மொழி பேசும் சிறிய நாட்டில், சந்தையை நம்பினால் சிறிய மொழிக்காரர்களுக்கு ஒன்றும் மிஞ்சாது என்று அவர்களுக்குத் தெரியும்.

நீங்கள் பிரிட்டனில் இருந்துகொண்டு இதைக் கேட்டிருந்தால், நடைமுறையில் ஒரு செய்தி. 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 174.50 பவுண்டு என்றிருந்த அந்தக் கட்டணத்திலிருந்து சட்டப்படி விலக வழி இருக்கிறது. பிபிசியின் இணையத் தளமான ஐபிளேயரைத் தொடாமல், வேறு தளங்களில் பழைய படங்களையும் தொடர்களையும் மட்டும் பார்ப்பவருக்கு உரிமம் தேவையில்லை. தேவைப்படுவது எந்தச் சேனலையும், எந்தத் தளம் வழியாகவும் நேரலையில் பார்ப்பதற்கு. தனியாகச் சந்தா கட்டிய விளையாட்டுச் சேனலுக்கும் அது பொருந்தும். தொடர் பார்ப்பவர் தப்பித்துக்கொள்வார். ஆட்டத்தை ஆறவிட்டுப் பார்க்கச் சம்மதிக்காத உங்களால் முடியாது.